மகனுக்கு பிசியோதெரபி திரும்பக் கிடைத்தது இப்படித்தான்

என் மகனுக்கு மூளை முடக்குவாதம். அரசு மானியத்தில் ஒரு தொண்டு நிறுவனம் நடத்தும் பகல்நேர மையத்துக்குப் போகிறான். மூன்று மாதமாக பிசியோதெரபிஸ்ட் வரவே இல்லை. அவன் கால் மறுபடி இறுகிப்போனது. கேட்டால், "அடுத்த வாரம் வந்துடுவாங்கம்மா."

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், 10 ரூபாய் கட்டணத்துடன், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு மனு போட்டேன். "ஏன் வரவில்லை" என்று கேட்கவில்லை, அப்படிக் கேட்டால் பதில் கிடைக்காது. மானிய ஆணை, பணியாளர் பட்டியல், வருகைப் பதிவேடு, கடைசி ஆய்வு அறிக்கை ஆகியவற்றின் நகல்களைக் கேட்டேன். 30 நாளுக்குள் வந்தது. சிகிச்சையே நடக்காத நாட்களுக்கும் கையெழுத்து இருந்தது! படிக்கும்போது கை நடுங்கியது.

அப்புறம் அந்த நகல்களோடு, திங்கள்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் ஆட்சியரிடம் மனு கொடுத்தேன். சொல்லாமல் ஆய்வுக்கு வந்தார்கள். இப்போது வாரம் மூன்று நாள் சிகிச்சை நடக்கிறது.