றேஸ் இறங்காத மோட்டார் சைக்கிள்: கைவைக்கும்போது நடக்கும் பிழைகள்

அக்சிலேற்றரை விட்ட பிறகும் எஞ்சின் கத்திக்கொண்டே நின்றால், எங்கள் பக்கத்தில் உடனே பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் காபரேற்றரைத்தான் கழற்றுவார்கள். அதுதான் முதல் பிழை. போர்க்காலத்துப் பொருளாதாரத் தடையில் துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, மண்ணெண்ணெயில் ஓடித் திரிந்த வன்னி இது. காபரேற்றரைத் திறந்து மூட எங்களுக்கு ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை. ஆனால் அந்தக் கைப்பழக்கமே யோசிக்க விடாமல் செய்துவிடுகிறது.

நான் சொல்வது கேபிள் நேரே பிஸ்டனைத் தூக்குகிற சாதாரண காபரேற்றரைப் பற்றி. இந்தப் பிஸ்டன் எஞ்சினுக்குள் இருப்பது அல்ல, காபரேற்றருக்குள் ஏறி இறங்கிக் காற்று வழியைத் திறந்து மூடும் உருளை. இதில் இறுக்கம் மூன்று இடத்தில் வரலாம்: கைப்பிடி, கேபிள், காபரேற்றரின் உள்பக்கம். எஞ்சினை நிறுத்திவிட்டுக் கைப்பிடியை முறுக்கி விடுங்கள். பிஸ்டன் 'டக்' என்று கீழே வந்து விழும் சத்தம் கேட்கவேண்டும். கேட்காவிட்டால் கைப்பிடிப் பக்கத்தில் கேபிளைக் கழற்றி, நுனியைப் பிடித்து இழுத்து விட்டுப் பாருங்கள். இப்போது சுகமாகப் போய்வந்தால் குற்றம் கைப்பிடியில். அப்போதும் இறுகினால் கேபிளிலோ காபரேற்றரின் உள்ளேயோதான். ஒருமுறை விழுந்த மோட்டார் சைக்கிளில் கைப்பிடி ரப்பர் உள்ளே தள்ளுப்பட்டு, சுவிட்ச் கூட்டில் உரசிக்கொண்டு நிற்கும். கொஞ்சம் வெளியே இழுத்துவிட்டால் வேலை முடிந்தது. அதற்குப் போய்க் காபரேற்றரைப் பிரித்து வைத்திருப்போம்.

'டக்' சத்தம் ஒழுங்காகக் கேட்டும் றேஸ் இறங்கவில்லையா? அப்படியென்றால் பிஸ்டன் இறுகவில்லை. அக்சிலேற்றரை விட்டதும் எஞ்சின் ஓடும் வேகத்தை வைக்கும் ஸ்லோ ஸ்க்ரூவை யாரோ கூடத் திருகியிருப்பார்கள், இல்லாவிட்டால் காபரேற்றருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் வெடிப்பு விழுந்து காற்று இழுக்கும்.

சரி, கைப்பிடியும் கேபிளும் நல்லது, குற்றம் காபரேற்றரின் உள்ளேதான் என்று தெரிந்துவிட்டது. இனித்தான் பெரிய பிழைகள் நடக்கும். பெற்றோலை மூடுங்கள், அடுப்பும் நுளம்புத்திரியும் இல்லாத இடமாகப் பாருங்கள். பிஸ்டனை வெளியே எடுத்ததும் கை தானாக ஒயில் கானைத் தேடும். விடாதீர்கள். சோளகக் காற்றுக் காலத்தில் ஒட்டுசுட்டான் பக்கம் கிறவல் றோட்டில் ஒரு லொறிக்குப் பின்னால் போனவர்களுக்கு அந்தச் சிவப்புப் புழுதி தெரியும். ஒயில் பூசிய பிஸ்டனில் அது ஒட்டி அரைக்கிற பசை மாதிரி ஆகிவிடும். இரண்டு நாள் வழுக்கும், அப்புறம் முன்பைவிட மோசமாக இறுகும். பெற்றோலில் கழுவி, நூல் பிரியாத துணியால் துடைத்து, உலர்ந்தபடியே போடவேண்டும். இழுவை கூடும் என்று எயர் பில்ற்றரைக் கழற்றி எறிந்தவர்களுக்கு இந்த வேலை திரும்பத் திரும்ப வரும்.

சாண்ட் பேப்பர் அதைவிட மோசம். காபரேற்றர் உடம்பு மென்மையான உலோகம். பிஸ்டனுக்கும் அதற்கும் உள்ள இடைவெளி மயிரிழைதான். தேய்த்தால் பிஸ்டன் ஆடும், காற்று கசியும், ஸ்லோ நிற்காது. கீறல் ஆழமாக விழுந்திருந்தால் மாற்றுவதைத் தவிர வழியில்லை. மஞ்சளாய்ப் பிசின் போல் ஒட்டியிருப்பது கீறல் அல்ல, பழைய பெற்றோல் காய்ந்த படிவு. 2022 பெற்றோல் தட்டுப்பாட்டில் கானில் சேர்த்துவைக்கப் பழகிய பழக்கம் எங்கள் வீட்டில் இன்னும் போகவில்லை, அதனால் இந்தப் படிவை எனக்கு நன்றாகத் தெரியும். காபரேற்றர் கிளீனரில் ஊறவிட்டால் போய்விடும்.

திரும்பப் பூட்டும்போது நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். பிஸ்டனின் ஒரு பக்கம் நீளமாக ஒரு காடி இருக்கும். உள்ளே இருக்கும் சின்ன முளையில் அது உட்காரவேண்டும். அடியில் சரிவாக வெட்டிய பக்கம் எயர் பில்ற்றரைப் பார்க்கவேண்டும். நான் அவசரத்தில் மாறிப் போட்டு, இறங்க மறுத்ததை மூடியால் அழுத்தித் திருகிவிட்டேன். பிஸ்டன் பாதியில் நின்றது. ஸ்டார்ட் பண்ணியதும் எஞ்சின் போட்ட கூச்சலில் கிணற்றடியில் நின்ற கோழிகள் வேலிக்கு மேலால் பறந்தன. சாவியைத் திருப்பக்கூட ஒரு கணம் கை வரவில்லை. மூடியைப் பூட்டியதும், ஸ்டார்ட் பண்ணும் முன்பே, அந்த 'டக்' சத்தத்தைக் கேட்டுவிடுங்கள்.

ஸ்பிறிங்கை இழுத்து நீட்டுவது, காபரேற்றர் நட்டுகளைப் பலம் கொண்ட மட்டும் இறுக்குவது இரண்டும் வேண்டாம். நட்டைக் கூட இறுக்கினால் உடம்பு கோணி, நல்ல பிஸ்டனும் இறுகும்.

கேபிளில் ஒரு நூல் அறுந்திருந்தாலும் புதிது போடுங்கள். அதைக் கொண்டுபோகும் பாதையும் முக்கியம். கைப்பிடியில் 2 முதல் 3 மில்லிமீற்றர் தளர்வு விட்டு, எஞ்சின் ஸ்லோவில் நிற்க, ஹாண்டிலை இடம் வலம் முழுக்கத் திருப்புங்கள். றேஸ் ஏறினால் கேபிள் எங்கோ இழுபடுகிறது.

தோட்டத்து வேலைக்கு நான்கு சக்கர குவாட் பைக் வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான், பெருவிரல் நெம்புகோல் மட்டும் கூடுதல். சேறு அதற்குள் போய்க் காய்ந்தால் நெம்புகோல் திரும்பாது. அந்தக் கூட்டில் இருக்கும் சின்னத் திருகாணி வேகத்தைக் கட்டுப்படுத்துவது, ஸ்லோ ஸ்க்ரூ என்று நினைத்துத் திருகிவிடாதீர்கள். பல குவாட்களில் கிளட்ச் நெம்புகோலும் கிடையாது. மோட்டார் சைக்கிளில் ஓடும்போது றேஸ் இறுகினால் கிளட்சைப் பிடித்து சுவிட்சை நிறுத்தலாம். குவாட்டில் எஞ்சினை நிறுத்தும் சிவப்பு சுவிட்ச் ஒன்றுதான் கதி, அதனால் அது வேலை செய்கிறதா என்று முற்றத்திலேயே பார்த்துவிட்டு வயலுக்கு இறக்குங்கள்.