‘அவர்’ பெண்ணாக இருந்தால்: ஷி, ஹெர், ஹெர்ஸ் பழகும் முறை

‘அவர் ராணிப்பேட்டையில் பிறந்தார்.’ இங்கே வருபவர் ஆணா, பெண்ணா? தமிழில் தெரியாது, தெரியாமலே பேச்சு நடக்கும். ஆங்கிலத்தில் நடக்காது.

நான் சொன்னது ஐடா ஸ்கடரை. 1870இல் பிறந்து, 1900இல் ஒரே ஒரு படுக்கையோடு வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வித்திட்டவர்.

முதல் படி, ஷி. ‘ஷி வாஸ் பார்ன் இன் ராணிப்பேட்.’ குடியாத்தத்தில் நான் நடத்தும் மாலை வகுப்பில், அம்மாவை ‘ஷி’ என்றால் ‘அவள்’ என்றதாகிவிடுமோ என்று தயங்கும் பிள்ளைகள் உண்டு. தயங்க வேண்டாம். ஆங்கிலத்தில் பாட்டியும் ஷி, பாப்பாவும் ஷி, மரியாதை குறைவதில்லை. ஆனால் ‘வந்தாள்’ என்று வினையை மட்டும் சொல்லி முடிக்கும் வசதி அங்கே கிடையாது. ‘கேம்’ என்ற வினை ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றே. ஆகவே ஷி-யை விட்டுவிடாதீர்கள்.

இரண்டாம் படி, ஹெர். அவரை, அவருக்கு, அவரோடு எல்லாவற்றுக்கும் இதுவே: ‘ஐ சா ஹெர்’, ‘ஐ கேவ் ஹெர் எ பென்’, ‘ஐ வென்ட் வித் ஹெர்’. ‘அவருடைய’ என்பதற்கும் இதுவேதான். ஆணுக்கு ஹிம், ஹிஸ் என்று இரண்டு சொற்கள். பெண்ணுக்கு ஒன்றே போதும்.

மூன்றாம் படியில்தான் அதிகம் பேர் தடுக்கி விழுகிறார்கள். ஐடாவின் தந்தையும் மருத்துவர். அதை எழுதச் சொன்னால், தந்தை ஆண்தானே என்று ‘ஹிஸ் ஃபாதர் வாஸ் எ டாக்டர்’ என்று எழுதுகிறார்கள். படிப்பவருக்கோ அது வேறு யாரோ ஓர் ஆணின் தந்தையாகிவிடுகிறது. யாருடைய தந்தை என்று கேளுங்கள். ஐடாவுடைய தந்தை, எனவே ‘ஹெர் ஃபாதர்’. கணவர், மகன், தம்பி யாரானாலும் உரியவர் பெண்ணென்றால் ஹெர்தான். தமிழில் ‘அவளுடைய தம்பி’ என்று சரியாகத்தானே சொல்கிறோம்? அதே கணக்குதான்.

மற்ற இரண்டும் எளிது. ‘அவருடையது’ என்று முடித்தால் ஹெர்ஸ்: ‘தட் பேக் இஸ் ஹெர்ஸ்.’ அதன்பின் பெயர்ச்சொல் வராது; எழுதும்போது ‘எஸ்’ எழுத்துக்கு முன் மேற்குறியும் (அப்பாஸ்ட்ரஃபி) போடக்கூடாது. ‘தானே’ என்று அழுத்த ஹெர்செல்ஃப்: ‘ஷி குக்ட் இட் ஹெர்செல்ஃப்.’

இன்று மாலை காட்பாடி ரயில் நிலையத்தில் காத்திருக்கும் ஒரு பெண்ணை மனத்தில் நிறுத்தி, நான்கு வரி எழுதுங்கள். அவருடைய மகனும் அருகில் நிற்கட்டும்.