பழைய அட்டவணையை ரெயில்ஸோடு இணைக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரை மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் உள்ள மொத்தக் கடை ஒன்றின் பழைய பில்லிங் தரவுத்தளத்தின் மேல், ரூபி மொழியில் வலைச்செயலிகள் எழுத உதவும் கட்டமைப்பான ரூபி ஆன் ரெயில்ஸில் புதிய செயலி எழுதுவதாக வைத்துக்கொள்வோம். அதன் விற்பனை அட்டவணையில் ‘டைப்’ என்ற நெடுவரிசையில் மல்லி, பிச்சி, கனகாம்பரம் என்று சரக்கின் வகையும், ‘மெத்தட்’ என்பதில் ரொக்கமா கடனா என்பதும், ‘ஹேஷ்’ என்பதில் பில் திருத்தப்பட்டதா என்று காட்டும் சரிபார்ப்புக் குறியீடும் பதிவாகின்றன.

இந்த மூன்று பெயர்களும் ரூபியிலோ ரெயில்ஸிலோ ஏற்கெனவே வேறு வேலைக்குப் பயன்படுவதால் மோதல் வரும். அவசரப்படுவோர் முதலில் அந்தப் பெயர்களையே தரவுத்தளத்தில் மாற்றிவிடுகிறார்கள். விடியற்காலையில் பில் போடும் பழைய நிரல் அதே பெயர்களைத் தேடிக்கொண்டிருக்கும்வரை அவற்றில் கைவைக்கக் கூடாது.

மூன்றுக்கும் ஒரே மருந்து போதும் என்று எண்ணுவதும் தவறு. ‘டைப்’ இருந்தால் ரெயில்ஸ் அதை ஒற்றை அட்டவணை மரபுரிமைக்கு (பல கிளாஸ்களின், அதாவது பொருள்களின் வார்ப்புகளின், பதிவுகளை ஒரே அட்டவணையில் வைத்து, எது எந்தக் கிளாஸுக்கு உரியது என்று ஒரு நெடுவரிசையால் குறிக்கும் முறைக்கு) உரியதாகக் கொண்டு, ‘பிச்சி’ என்றொரு கிளாஸைத் தேடி, கிடைக்காமல் ‘சப்கிளாஸ் நாட் ஃபவுண்ட்’ என்று நின்றுவிடும். மாடலில், அதாவது அட்டவணையைக் குறிக்கும் ரூபி கிளாஸில், ‘இன்ஹெரிட்டன்ஸ் காலம்’ அமைப்புக்கு ‘நில்’ (வெறுமை) கொடுத்தால் அது தீரும். ‘மெத்தட்’ தொடக்கத்தில் எந்தப் பிழையும் காட்டாது என்பதால், அதையே நான் அதிகம் அஞ்சுவேன். ரூபியின் எல்லாப் பொருள்களுக்கும் பொதுவான அதே பெயருள்ள மெத்தடை (பொருளிடம் அழைக்கக்கூடிய செயலை) அது சத்தமின்றி மறைத்துவிடுகிறது. ஏதோ ஒரு நூலகம் அதை அழைக்கும்போது, அளவுருக்களின் எண்ணிக்கை தவறு என்ற பிழை, மாடலுக்குத் தொடர்பே இல்லாததுபோல் தோன்றும் கோப்பிலிருந்து வரும்.

‘ஹேஷ்’, ரெயில்ஸில் தரவுத்தளத்தைக் கையாளும் பகுதியான ஆக்டிவ் ரெக்கார்டே வரையறுத்துள்ள பெயர். எனவே பதிவை உருவாக்கும்போதே ‘டேஞ்சரஸ் ஆட்ரிபியூட்’ பிழை எழும். இங்கே ‘அலியாஸ் ஆட்ரிபியூட்’ மட்டும் போட்டால் மாற்றுப்பெயர் கூடுதலாகக் கிடைக்குமே தவிர, மூலப் பெயருக்கு மெத்தட் உருவாக்கும் முயற்சி நிற்காது. நெடுவரிசையையே கண்டுகொள்ளாமல் விடும் ‘இக்னோர்டு காலம்ஸ்’ அதை நிறுத்தும். ஆனால் அந்த மதிப்பை மாடல் வழியே படிக்கவும் எழுதவும் முடியாமல் போகும். வெற்று மதிப்பை ஏற்காத, இயல்பு மதிப்பும் இல்லாத நெடுவரிசையாக அது இருந்தால் புதிய பில்லே சேராது.

ஆகவே தரவுத்தளத்தில் ஒரு வியூ (அட்டவணையின் தரவை வேறு பெயர்களில் காட்டும், சேமித்துவைத்த வினவல்) அமைத்து, ‘ஹேஷ்’ என்பதை ‘பில் ஹேஷ்’ என்றும் ‘மெத்தட்’ என்பதை ‘பேமென்ட் மோட்’ என்றும் காட்டி, மாடலை அந்த வியூவோடு இணைப்பதே என் தேர்வு. ஒரே அட்டவணையிலிருந்து எடுத்த எளிய வியூ என்றால், போஸ்ட்கிரெஸ் தரவுத்தள மென்பொருளின் 9.3 பதிப்பு முதல் அதன் வழியே எழுதவும் முடிகிறது. வியூவுக்கு முதன்மைச் சாவி (ஒவ்வொரு பதிவையும் தனித்து அடையாளம் காட்டும் நெடுவரிசை) கிடையாது என்பதால், மாடலில் ‘பிரைமரி கீ’ எது என்று நாமே குறிப்பிடாவிட்டால் அந்தச் சாவியைக் கொண்டு பதிவைத் தேடும் ‘ஃபைண்ட்’ வேலை செய்யாது.