கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 6, 7, 8ஆம் வகுப்பு ஆங்கிலப் பாடம்: புதிதாக வரும் பெற்றோர் அறிய வேண்டியவை

பிள்ளையைப் பள்ளியில் சேர்த்த கையோடு "இங்கிலீஷ் புத்தகம் எந்தக் கடையில் கிடைக்கும்?" என்று விசாரிக்கும் பெற்றோர் நிறையப் பேர். பெரும்பாலான வகுப்புகளில் அப்படியொரு பாடநூலே கிடையாது. 'லாங்குவேஜ்' எனப்படும் இந்தப் பாடத்துக்கு மாகாண அரசு 2023இல் புதிய பாடத்திட்டம் கொண்டுவந்தது. பிள்ளைக்கு என்னென்ன திறன் வர வேண்டும் என்று அது சொல்கிறது. எந்தக் கதையை, எந்த நாவலை வைத்துக் கற்பிப்பது என்பது ஆசிரியர் கையில். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பழைய கொப்பியை வாங்கிப் படிக்க வைப்பதால் பெரிய பலன் இல்லை.

எந்த வகுப்பு என்பதைப் பொதுவாகப் பிறந்த ஆண்டுதான் முடிவு செய்கிறது. ஒரு பள்ளி ஆண்டு தொடங்கும் அந்த ஆண்டில் 12 வயது நிறைகிற பிள்ளைக்கு 7ஆம் வகுப்பு. ஆங்கிலம் போதாது என்று ஒரு வகுப்பு இறக்கிப் போடக் கேட்பதைவிட, இ.எஸ்.எல் (ஆங்கிலம் தாய்மொழி அல்லாத பிள்ளைகளுக்கான ஆங்கிலப் பயிற்சி) உதவி வாரத்தில் எத்தனை நேரம், வகுப்புக்குள்ளேயா தனியாகவா என்று கேளுங்கள். இ.எஸ்.எல் என்றதும் மானப் பிரச்சினையாக எடுத்துக்கொண்டு மறுப்பவர்கள் இருக்கிறார்கள், நட்டம் பிள்ளைக்குத்தான்.

செப்டெம்பர் மாதத்தில் பல பள்ளிகள் பெற்றோருக்கு ஒரு மாலைக் கூட்டம் வைக்கும். அங்கே கேட்க வேண்டியது: இந்தத் தவணையில் எந்த வகை எழுத்து, சிறுகதையா, கருத்துக் கட்டுரையா, தகவல் கட்டுரையா? எதற்கு எந்த நிலை என்று காட்டும் மதிப்பீட்டு அட்டவணையான 'ரூப்ரிக்' எங்கே கிடைக்கும்? ரூப்ரிக்கில் 1 முதல் 4 வரை நிலைகள். 3ஆம் நிலைதான் மாகாணம் எதிர்பார்க்கும் தரம். மதிப்பெண்ணில் 70 முதல் 79.

நம் பிள்ளைகள் சறுக்கும் இடம் பெரும்பாலும் இலக்கணம் அல்ல, பதில் எழுதும் முறை. கதையில் "ரவி கதவை அறைந்து சாத்தினான். சாப்பாட்டைத் தொடவில்லை" என்று வருகிறது. ரவியின் மனநிலை என்ன என்பது கேள்வி. மனப்பாடத்துக்குப் பழகிய பிள்ளை அந்த இரண்டு வரியையும் அப்படியே எழுதிவைக்கும். அல்லது "கோபம்" என்று ஒரே சொல்லில் முடிக்கும். இங்கே மூன்றும் வேண்டும்: பதில், கதையிலிருந்து ஆதாரம், அந்த ஆதாரம் பதிலை எப்படிக் காட்டுகிறது என்ற விளக்கம். மூன்றாவது விடுபட்டால் மதிப்பெண் இறங்கும். வீட்டில் இதைத் தமிழிலேயே பழக்கலாம். "ஏன் அப்படி நினைக்கிறாய், எந்த வரியில் இருக்கிறது?" என்று கேட்டு வாயால் சொல்லவைத்து, பிறகு ஆங்கிலத்தில் மூன்று வாக்கியமாக எழுதச் சொல்லுங்கள். இணையத்தில் இருந்து எடுத்து ஒட்டுவதை மட்டும் முதல் நாளே தடுத்துவிடுங்கள். இங்கே அது பெரிய குற்றம்.

வாசிக்க நூலக அட்டை போதும், டொரொன்டோவில் அது இலவசம். முகவரிச் சான்றுடன் போங்கள். புத்தகத்தின் நடுவில் ஒரு பக்கத்தைப் பிள்ளை வாசிக்கட்டும். தெரியாத சொல் ஒவ்வொன்றுக்கும் ஒரு விரல் மடக்கட்டும். ஐந்து விரலும் மடங்கினால் அந்தப் புத்தகம் இப்போதைக்கு வேண்டாம். வகுப்புக்கு ஏற்றது என்று கனமான நாவலைத் திணித்தால் பத்தாம் பக்கத்தில் நின்றுவிடும். படக்கதைப் புத்தகம் எடுத்தால் திட்டாதீர்கள். தினமும் 20 நிமிடம் வாசித்தால் சரி.

நவம்பர் வாக்கில் வரும் முதல் அறிக்கையில் மதிப்பெண் இருக்காது, முன்னேற்றம் எப்படி என்று மட்டும் இருக்கும். மதிப்பெண்ணோடு ரிப்போர்ட் கார்ட் குளிர்காலத்தில் ஒன்று, ஜூனில் ஒன்று. 6ஆம் வகுப்புக்கு ஏ, பி, சி எழுத்துகள், 7, 8க்குச் சதவீதம். அதில் பலர் கவனிக்காமல் விடுவது, பாடத்தின் பெயருக்கு அருகே இருக்கும் சிறிய இ.எஸ்.எல் கட்டம். அதில் குறி இருந்தால், பிள்ளைக்காக எளிதாக்கிய இலக்குகளை வைத்து மதிப்பிட்டிருக்கிறார்கள் என்று பொருள். அப்படி வாங்கிய 80 சதவீதம், வகுப்பின் வழக்கமான 80 அல்ல. எந்த இலக்குகளை மாற்றினீர்கள், எப்போது அந்தக் குறி நீங்கும் என்று ஆசிரியரைச் சந்திக்கும்போது கேளுங்கள்.

6ஆம் வகுப்பில் பள்ளி ஆண்டு இறுதியை ஒட்டி ஈ.கியூ.ஏ.ஓ என்ற மாகாணத் தேர்வு உண்டு. அதன் முடிவு ரிப்போர்ட் கார்டில் சேராது, அதற்கென்று டியூஷனுக்குப் பணம் கட்ட வேண்டாம்.