மறைந்திருந்த பலகைக்கு அபராதமா? முதலில் படம் எடுங்கள்

லண்டனிலோ இங்கிலாந்தின் வேறு நகரங்களிலோ, மரக்கிளை மறைத்த பார்க்கிங் விதிப் பலகையாலோ தேய்ந்துபோன மஞ்சள் கோட்டாலோ குழம்பி நிறுத்திய காரில் கவுன்சிலின் (உள்ளாட்சி மன்றத்தின்) அபராதச் சீட்டு ஒட்டப்பட்டிருந்தால், வண்டியை நகர்த்துவதற்கு முன்பே படம் எடுத்துவிடுங்கள். பலகையை மட்டும் நெருக்கமாக எடுத்தால் போதாது. ஓட்டுநர் இருக்கையிலிருந்து அது எப்படித் தெரிகிறது என்பதையும், காருக்கும் பலகைக்கும் இடையிலான தூரத்தையும் காட்டும் படங்களே எடுபடும். நாளை வரலாம் என்று கிளம்பினால், அதற்குள் கிளையை வெட்டியிருப்பார்கள்.

14 நாட்களுக்குள் கட்டினால் பாதித் தொகைதான் என்பதால் பலரும் அவசரப்பட்டுக் கட்டிவிடுகிறார்கள். கட்டிய பிறகு ஆட்சேபிக்க வழியில்லை. அதே 14 நாட்களுக்குள் எழுத்துமூலம் ஆட்சேபித்தால், அது நிராகரிக்கப்பட்டாலும் பாதித் தொகைச் சலுகை பெரும்பாலும் மீண்டும் கிடைக்கும். அதன் பிறகும் விடாமல் வாதிட விரும்புபவர்கள், வாகன உரிமையாளருக்கு வரும் நோட்டீஸுக்கு 28 நாட்களுக்குள் முறைப்படி பதில் அனுப்பி, அதையும் கவுன்சில் மறுத்தால், கட்டணம் ஏதுமின்றி, கவுன்சிலைச் சாராத தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் அந்தக் கட்டத்தில் தோற்றால் முழுத் தொகையையும் கட்ட வேண்டியிருக்கும். சூப்பர் மார்க்கெட் போன்ற தனியார் இடங்களில் தரப்படும் சீட்டுகளுக்கு இந்த நடைமுறை பொருந்தாது.