வேலைய விடாம வீட்டுலேருந்தே பிஎம்சிடி படிக்கிறது எப்படி

இறந்தவங்க உடம்ப சிடி எடுக்க (அதுதான் போஸ்ட்மார்ட்டம் சிடி, சுருக்கமா பிஎம்சிடி) தனியா என்ன படிப்பு, மெஷின் ஒன்னுதானேன்னுதான் நானும் நெனச்சேன். மெஷின் ஒன்னுதான், படத்துல தெரியறதுதான் மொத்தமா வேற.

காசு கட்டறதுக்கு முன்னாடி கோர்ஸ்காரங்களுக்கு மெயில் போட்டு ஒன்னு கேளுங்க, முழு டைகாம் கேஸ் (ஸ்கேனர்லேருந்து வர்ற அசல் படக் கோப்பு) குடுப்பீங்களா இல்ல ஸ்லைடுல ஒட்டுன படம் மட்டுமா. நான் முதல்ல சேர்ந்த கோர்ஸ்ல வெறும் ஸ்லைடுதான், விண்டோ (படத்தோட கருப்பு வெள்ளை அளவு) மாத்திப் பாக்கவோ ஸ்க்ரோல் பண்ணவோ முடியாது, ஆறு மாசம் படிச்சும் கண்ணு பழகல. லைவ் கிளாஸ் நேரத்தையும் பாத்துக்கோங்க, இங்கிலாந்துல மதியம் 2 மணின்னா நமக்கு சிங்கப்பூர்ல இரவு 9 மணி, அவங்களுக்கு குளிர்காலம்னா 10 மணி, மறுநாள் மார்னிங் ஷிஃப்ட் இருந்தா ரெக்கார்டிங் கெடைக்குமான்னு இப்பவே கேட்டு வைங்க.

சேர்ந்ததும் காயம், குண்டுன்னு ஓடாதீங்க. இறந்த உடம்புல சாதாரணமா என்ன தெரியும்னு முதல்ல படிங்க, எல்லாருமே சறுக்கற இடம் அதுதான். மல்லாந்து கிடக்கற உடம்புல நுரையீரலோட பின்பக்கம் வெள்ளையா இருக்கும், நம்ம கை தானா நிமோனியான்னு எழுதப் போகும், ஆனா அது ரத்தம் கீழ இறங்கித் தங்குனதா இருக்கலாம். இதய அறைக்குள்ள ரத்தம் ரெண்டு அடுக்கா பிரிஞ்சு நிக்கும், கல்லீரல் ரத்தக்குழாய்ல காத்து இருக்கும், முன்பக்க விலா எலும்பு ரெண்டு பக்கமும் உடைஞ்சிருந்தா அது சிபிஆர்ல நெஞ்ச அழுத்துனதாலயும் இருக்கும். ஒரு நோட்டு போட்டு ஒவ்வொரு கேஸுக்கும் மூணு பத்தி பிரிச்சு எழுதுங்க: இறந்தப்புறம் வந்தது, சிகிச்சையால வந்தது, காயம் அல்லது நோய். எதுலயும் சேராதத கேள்விக்குறியோட வுட்டுட்டு கிளாஸ்ல கேளுங்க.

பழக படம் வேணும்னா நியூ மெக்சிகோ டிசீடென்ட் இமேஜ் டேட்டாபேஸ் இருக்கு, 15,000 பேருக்கு மேல முழு உடம்பு சிடி, ஆராய்ச்சிக்கும் படிப்புக்கும் விண்ணப்பிச்சு வாங்கணும். 3டி ஸ்லைசர்ங்கற சாஃப்ட்வேர் இலவசம், அதுல திறந்து பாருங்க. ஒன்னே ஒன்னு, எம்ஆர்டி ரயில்ல உக்காந்து லேப்டாப்ல பாக்காதீங்க, அது ஒருத்தரோட அப்பாவோ பொண்ணோ.

எடுக்கற முறையில கதிர்வீச்சு டோஸ் கவலை இல்ல, அதனால எம்ஏஎஸ் (எக்ஸ்ரே அளவு) ஏத்தி ஸ்லைஸ் மெல்லிசா எடுக்கலாம், தலையும் கழுத்தும் தனியா, அப்புறம் உடம்பு. கை விறைச்சு நிக்கும், உயிரோட இருக்கவங்க மாதிரி தலைக்கு மேல தூக்க முடியாது, பலவந்தமா மடக்காதீங்க, அது பிரேதப் பரிசோதனை பண்ற டாக்டர், பெத்தாலஜிஸ்ட்கிட்ட கேக்க வேண்டிய விஷயம். பாடி பேக்கயும் நீங்களா திறக்காதீங்க. டேக் நம்பர ஒருத்தர் சத்தமா படிக்க இன்னொருத்தர் ஃபாரத்துல சரி பாக்கணும், பிறகுதான் கன்சோல்ல அடிக்கணும், அந்தப் படம் நாளைக்கு கோர்ட்டுக்குப் போகலாம்.

இதெல்லாம் ஸ்கிரீன்ல முழுசா வராது, கைப்பழக்கம் வேணும். இங்க கொரோனர் (மரணத்த விசாரிக்கற நீதி அதிகாரி) கேஸ் பாக்கறது அவுட்ரம்ல இருக்கற எச்எஸ்ஏ (சுகாதார அறிவியல் ஆணையம்) தடயவியல் மருத்துவப் பிரிவு, அங்க போய்ப் பாக்க முடியுமான்னு உங்க டிபார்ட்மென்ட் தலைவர் மூலமா முறையா கடிதம் போட்டுக் கேளுங்க, நேரா போய் நிக்காதீங்க. கோர்ஸ் நேரம் சிபிஇ (தொடர் தொழில்கல்வி) புள்ளிக்கு கணக்காகுமான்னும் முன்னாடியே எழுதிக் கேட்டுக்கோங்க.

கடைசியா ஒன்னு, இது எனக்கு ரொம்ப முக்கியம். நம்ம ஆளுங்க வந்து கைய புடிச்சுக்கிட்டு "தம்பி, ஸ்கேன் மட்டும் எடுத்துட்டு அறுக்காம குடுத்துடுங்கப்பா, மண்டாய்ல தகனத்துக்கு நேரம் குறிச்சாச்சு"ன்னு கேப்பாங்க, மனசு கேக்காது, ஆனா "சரிங்கம்மா"ன்னு சொல்லிடாதீங்க. இதய ரத்தக்குழாய் அடைப்பும் நுரையீரலுக்குப் போன ரத்தக்கட்டியும் மருந்து ஏத்தாத சிடில தப்பிப் போகும், அறுக்கணுமா வேணாமாங்கறது கொரோனர் முடிவு. "அம்மா, உங்க விருப்பத்த கொரோனருக்குத் தெரியப்படுத்தலாம், யார்கிட்ட பேசணும்னு நான் காட்டறேன்"னு சொல்லி கூடவே நடந்து போய் அந்த அதிகாரிகிட்ட விட்டுட்டு வாங்க.