முதல் கவிதை: எழுதுவதும் வெட்டுவதும்

கவிதை எழுத உட்காரும் பலரும் காதல், தனிமை, பிரிவு என்று ஒரு தலைப்போடுதான் தொடங்குகிறார்கள். இரண்டு வரி தாண்டுவதற்குள் சொல் தீர்ந்துவிடுகிறது. தலைப்பை விடுங்கள். கண்ணில் பட்டு, ஏனோ மனதை விட்டுப் போகாத ஒரு காட்சியைப் பிடியுங்கள். அதைப் பேசுகிற மாதிரியே உரைநடையில் நாலைந்து வாக்கியம் எழுதுங்கள். அழகாக வர வேண்டுமே என்ற கவலை இப்போது வேண்டாம்.

சரி, ஒன்றைச் செய்தே பார்ப்போம். வீடு மாறுகிறோம். சுவரில் இருந்த படத்தைக் கழற்றினால், அந்த இடம் மட்டும் நிறம் மங்காமல் இருக்கிறது. முதல் வரைவு இப்படி வரலாம்:

வீட்டைக் காலி செய்தோம்
நெஞ்சில் ஆயிரம் நினைவுகள்
படம் மாட்டிய இடத்தில் மட்டும் சுவரின் முதல் நிறம்
சோகமாய் எங்களைப் பார்த்தது

இனி வெட்ட வேண்டும். கவிதை உருவாவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் என்பேன். ‘நெஞ்சில் ஆயிரம் நினைவுகள்’ எந்தக் கவிதையிலும் ஒட்டிக்கொள்ளும். அதனாலேயே இதில் வேண்டாம். ‘சோகமாய்’ என்று நாமே சொல்லிவிட்டால் வாசகர் உணர ஒன்றும் மிஞ்சாது. இரண்டு வரியையும் எடுத்துவிட்டு, நீளமான வரியை உடைப்போம்:

வீட்டைக் காலி செய்தோம்
படம் மாட்டிய இடத்தில் மட்டும்
சுவரின் முதல் நிறம்

‘மட்டும்’ என்று வரி நின்றதும், அடுத்து என்ன என்று மனம் ஒரு நொடி காத்திருக்கிறது. அந்தக் காத்திருப்பு கிடைக்கிற இடத்தில் வரியை உடையுங்கள். ‘மாட்டிய’, ‘மட்டும்’ என்று மோனையும், அதாவது சொற்களின் முதலெழுத்து ஒத்து வருவதும், அமைந்திருக்கிறது. புதுக்கவிதையில் மோனை தானாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். அதற்காகப் பொருந்தாத சொல்லை இழுத்து வராதீர்கள்.

அப்புறம் வாய்விட்டுப் படியுங்கள். நாக்கு தடுக்கும் இடத்தில் சொல்லையோ வரிசையையோ மாற்றுங்கள். சில நாள் அதைத் தொடாமல் இருந்துவிட்டு மறுபடி எடுத்தால், எழுதும்போது ரொம்பப் பிடித்த ஏதோ ஒரு சொல் துருத்திக்கொண்டு தெரியும். தயங்காமல் நீக்குங்கள். தலைப்பு கடைசியில் வரட்டும்.

மரபுக் கவிதையில் ஆசை இருந்தால் குறள் வெண்பா நல்ல தொடக்கம். இரண்டே அடி: முதலடியில் 4 சீர் (அடியைப் பிரிக்கும் சொல் அளவுத் துண்டு), அடுத்ததில் 3. தளை, அதாவது ஒரு சீர் அடுத்த சீரோடு இணையும் விதி, தட்டாமல் எழுத நாளாகும். அதற்கு முன் அசை பிரிக்க, அதாவது சீரைச் சேர்ந்து ஒலிக்கும் எழுத்துத் துண்டுகளாகப் பிரிக்கப் பழகுங்கள். மேலே உள்ள கவிதையையே எடுத்துக்கொள்ளலாம்: ‘படம்’ நிரையசை (குறிலோடு இன்னொரு குறிலோ நெடிலோ சேர்ந்தது; பின்னால் வரும் மெய்யெழுத்து கணக்கில் இல்லை). ‘மட்டும்’ மட்-டும் என்று பிரிந்து நேர் நேர் (நேர் என்பது தனிக் குறில் அல்லது தனி நெடில்; இதிலும் மெய் கணக்கில் இல்லை). நேர் நேர் என்று வரும் சீருக்குத் தேமா என்று பெயர். மற்ற சொற்களை நீங்கள் பிரித்துப் பாருங்கள்.